மகனுக்கு வலி மாத்திரை, உங்கள் கைக்கு நாலோக்சோன்

கேள்வி: அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய என் மகன் டெக்சாஸில் எங்களோடு இருக்கிறான். முதுகு வலிக்கு ஆக்ஸிகோடோனும் தூக்கத்துக்கு ஒரு மாத்திரையும் போடுகிறான். இரண்டும் முன்னாள் படைவீரர் நலத் துறையான விஏ தருபவை. இத்தகைய வலி மாத்திரை அளவு மீறி மூச்சு அடங்கினால் மூக்கில் அடித்து மூச்சைத் திருப்பும் நாலோக்சோன் ஸ்பிரே வீட்டில் இருக்கட்டும் என்றால், "நான் என்ன போதைக்கு அடிமையா?" என்று கோபப்படுகிறான். கடையில் இரண்டு ஸ்பிரே கொண்ட பெட்டி 45 டாலர் சொல்கிறார்கள். இலவசமாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும் அம்மா. ஓபியாய்டு, அதாவது ஆக்ஸிகோடோன் வகை வலி மருந்து, அளவு மீறிப்போகும் ஆபத்து அதிகமுள்ள முன்னாள் வீரர்களிடம் நாலோக்சோனுக்கு விஏ கோ-பே (நோயாளி தன் பங்காகக் கட்டும் தொகை) வாங்கக் கூடாது என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆக்ஸிகோடோனோடு தூக்க மருந்தும் சேரும்போது அந்த ஆபத்து கூடுகிறது. 2023 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த ஸ்பிரேயைச் சீட்டில்லாமல் விற்க அனுமதித்தது உண்மைதான், ஆனால் கடையில் வாங்கினால் காசு உங்களுடையது. விஏ-வில் இலவசமாகப் பெற மருத்துவர் சீட்டு வேண்டும். மகன் தன் விஏ இணையக் கணக்கிலிருந்து மருத்துவருக்கோ மருந்தாளுநருக்கோ ஒரு செய்தி அனுப்பிக் கேட்கட்டும். இரண்டு மாத்திரைகளையும் சேர்த்துப் போடுவதை அதிலேயே சொல்லட்டும். தானாக எதையும் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

இப்படி நோயாளியே கேட்டு வாங்கும் நிலை மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாத்திரை எழுதும் கையே ஸ்பிரேயையும் எழுத வேண்டும். கூச்சத்தால் கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். மருத்துவர் சொன்ன அளவே சில நேரம் உயிருக்கு ஆபத்தாகலாம்: அன்று மது குடித்திருந்தால், தூக்கத்தில் மூச்சடைக்கும் கோளாறு இருந்தால், சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவுக்கே திரும்பினால். மூச்சு அடங்கும்போது அவரால் ஸ்பிரேயைத் தானே எடுத்து அடித்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் இருப்பவர் கையில்தான் அது இருக்க வேண்டும். போஸ்டன் விஏ மருத்துவமனையில், தாறுமாறாகிவிட்ட இதயத் துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் ஏஇடி கருவியின் பெட்டிக்குள்ளேயே நாலோக்சோனையும் வைத்தார்கள். 2018-இல் விஏ அதை நாடு முழுக்க எடுத்துச் சென்றது. விஏ போலீசாரும் வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் யாரையும் அடிமை என்று சொல்வதில்லை.

எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து, தொண்டையில் கறகறவென்று சத்தம் வந்தால் தயங்காதீர்கள். உடனே 911-ஐ அழையுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, கழுத்தைத் தாங்கி, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு மூக்குத் துளைக்குள் ஸ்பிரேயின் முனையை முழுதாக நுழைத்து அழுத்துங்கள். ஒன்றில் ஒரே டோஸ்தான், சோதித்துப் பார்க்க அழுத்திவிடாதீர்கள். மூச்சு இல்லையென்றால் செயற்கை சுவாசம் கொடுங்கள். 2, 3 நிமிடத்தில் அசைவில்லை என்றால் அடுத்த ஸ்பிரேயை மறு துளையில் அடியுங்கள். மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விழித்ததும் வாந்தி வரலாம், எரிச்சலாகப் பேசலாம். எழுந்துவிட்டார் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள்: ஸ்பிரேயின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான், மாத்திரை அதைவிட நீண்ட நேரம் உடலில் நிற்கும். ஓபியாய்டு காரணம் இல்லை என்று பின்னால் தெரிந்தாலும், அடித்த ஸ்பிரேயால் கெடுதல் வராது.

டெக்சாஸ் வெயிலில் காருக்குள் வைக்க வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அலமாரியில் வையுங்கள், பூட்டாமல்.