ஏகமனதாக நிறைவேறியது

வணக்கம் மேடம்,

நான் ஒரு லிஸ்டட் கம்பெனில ஃபைனான்ஸ்ல ஒன்பது வருஷமா இருக்கேன். என் பேரு, கம்பெனி பேரு ரெண்டுமே போட வேண்டாம். கம்பெனிய கையில வச்சிருக்கிற முதலாளி குடும்பத்துக்கிட்ட, அதாவது ப்ரமோட்டர் குடும்பத்துக்கிட்ட, 70 சதவீதத்துக்கு மேல பங்கு இருக்கு. பிராண்ட் பேரை யூஸ் பண்றதுக்குன்னு அவங்களோட தனிக் கம்பெனிக்கு வருஷா வருஷம் ராயல்டி போகுது, இந்த வருஷம் அதே குரூப்ல இன்னொரு கம்பெனிக்கு கடனும் கொடுக்கப் போறோம். எல்லாமே போர்டுல பாஸ் ஆகித்தான் வருது. இண்டிபெண்டன்ட் டைரக்டர்ஸ், அதாவது முதலாளிக்கு சம்பந்தமில்லாம வெளியிலேர்ந்து போர்டுக்கு வர்றவங்க, எல்லாரும் பெரிய பெரிய ஆளுங்க, ஆனா நான் ப்ரெசன்டேஷன் கொடுக்க உள்ள போன இத்தனை தடவையில ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்டு பாத்ததில்ல. என் சீனியர்கிட்ட சொன்னா, "இது ஆசியாப்பா, பெரியவங்கள எதிர்த்துப் பேசுறது நம்ம வழக்கம் இல்ல, ஜப்பான் கொரியாவுலயும் இதே கதைதான், வெள்ளைக்காரன் எழுதின ரூல் இங்க ஒட்டாது"ன்னு சொல்றார். அது உண்மையா? இண்டிபெண்டன்ட் டைரக்டர்ங்கிறதே பேருக்குத்தானா? என்னை மாதிரி நடுவுல மாட்டிக்கிட்டவன் என்ன செய்யிறது?

ஒரு வாசகர்


அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்து பத்து நாள் ஆச்சு, உடனே பதில் எழுத முடியல. உங்க சீனியர் சொன்ன அந்த "நம்ம வழக்கம்"ங்கிற வார்த்தைதான் காரணம். நான் இருபது வருஷத்துக்கு மேல கம்பெனி செக்ரட்டரியா இருந்தவ, போர்டு ரூம்ல ஒரு ஓரமா உக்காந்து மினிட்ஸ், அதாவது மீட்டிங் பதிவு, எழுதுறது என் வேலை, அந்த வார்த்தைய அங்க எத்தனை தடவ கேட்டிருப்பேன்னு சொல்ல முடியாது. அது உண்மை இல்லன்னு நான் உறுதியா நம்புறேன்.

இந்த இண்டிபெண்டன்ட் டைரக்டர்ங்கிற ஏற்பாடு எங்க பொறந்துச்சுன்னு பாருங்க. அமெரிக்கா, பிரிட்டன்ல பெரிய கம்பெனிகளோட பங்கு பெரும்பாலும் பல லட்சம் பேர்கிட்ட சிதறிக் கிடக்கும், முதலாளின்னு கைகாட்ட ஒரு ஆள் இருக்காது, சம்பளத்துக்கு வந்த சிஇஓ தன் இஷ்டத்துக்கு ஆடாம பாத்துக்க வெளியாள் வேணும்னு கொண்டு வந்தாங்க. நம்ம பக்கம் நிலைமையே வேற. இந்தியாவுல ப்ரமோட்டர் குடும்பம், கொரியாவுல சேபோல்னு சொல்ற பெரிய பிசினஸ் குரூப் குடும்பம், ஹாங்காங்லயும் இந்தோனேஷியாவுலயும் குடும்ப குரூப்புங்க, சீனாவுலயும் சிங்கப்பூர்லயும் பல பெரிய கம்பெனில அரசாங்கமே பெரிய பங்குதாரர். அதனால இங்க சண்டை மேனேஜருக்கும் பங்குதாரருக்கும் இல்ல, பெரிய பங்குதாரருக்கும் சின்ன பங்குதாரருக்கும்தான். 1997 நெருக்கடியில கொரிய குரூப் கம்பெனிங்க ஒண்ணோட கடனுக்கு இன்னொண்ணு கியாரண்டி போட்டு வச்சிருந்தது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு தெரிஞ்சுது, 1999ல டேவூ குரூப்பே சரிஞ்சுது. அந்த நெருக்கடிக்கு அப்புறம் கொரியா 1998ல, இந்தியா 2000ல, சீனா 2001ல வரிசையா வெளி டைரக்டர் விதியக் கொண்டு வந்தாங்க, நல்லதுதான், ஆனா அந்த வெளியாளைப் போடுற ஓட்டு யார்கிட்ட இருந்துச்சு? அதே முதலாளிகிட்ட. யாரைக் கண்காணிக்கணுமோ அவரே ஆளைப் பாத்துப் போட்டுக்கிறார்.

இன்னிக்கும் நம்ம நாட்டுல அப்படித்தான். 2022லேர்ந்து இண்டிபெண்டன்ட் டைரக்டரைப் போடணும்னா ஸ்பெஷல் ரெசல்யூஷன் வேணும்னு பங்குச் சந்தையக் கண்காணிக்கிற செபி கொண்டு வந்துச்சு, அதாவது விழுந்த ஓட்டுல 75 சதவீதம். கேக்க பெருசா இருக்கும். ஆனா அந்த ஓட்டுல ப்ரமோட்டரும் சேர்த்தி, உங்க ப்ரமோட்டர்கிட்ட 70க்கு மேல இருக்கு, மிச்சம் இருக்கிறவங்கள்ல நிறைய பேர் ஓட்டே போட மாட்டாங்க, அப்புறம் 75 தாண்ட யாரோட தயவு வேணும்? உங்க போர்டுல ஏன் கேள்வி வரலங்கிறதுக்கு என் பதில் இதுதான், வழக்கம் பண்பாடு எல்லாம் அதுக்கு அப்புறம்.

என் அனுபவம் ஒண்ணு சொல்றேன், கம்பெனி பேரு வேண்டாம். ப்ரமோட்டர் குடும்பத்தோட ஒரு நிலத்தை கம்பெனி வாங்கணும்னு ஒரு ஐட்டம், அஜெண்டாவுல இல்லாம மீட்டிங் அன்னிக்கு காலைல டேபிள்ல வச்சாங்க. ரிட்டயர்ட் பேங்க்கர் ஒருத்தர் டைரக்டரா இருந்தார், ரொம்ப மெதுவா பேசுறவர். வேல்யூவேஷன் ரிப்போர்ட் எங்க, இன்னிக்கே முடிக்கணும்னு என்ன அவசரம்னு ரெண்டு கேள்வி கேட்டார். சேர்மன் "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சார்"னு சொன்னார், ரூம் அமைதியாச்சு, அடுத்த ஐட்டம் போயாச்சு. நான் டிராஃப்ட் மினிட்ஸ்ல அந்தக் கேள்விய எழுதினேன். எம்டி ஆபீஸ்லேர்ந்து டிராஃப்ட் திரும்பி வந்தப்ப அந்த வரி மேல ஒரு கோடு இருந்துச்சு. நான் அத எடுத்துட்டு, "விவாதத்துக்குப் பின் ஏகமனதாக நிறைவேறியது"ன்னு டைப் பண்ணேன். நான்தான் பண்ணேன். அவரோட காலம் முடிஞ்சப்ப அவரை மறுபடி போடல. இப்ப சொல்லுங்க தம்பி, அந்த ரூம்ல எதிர்த்துப் பேசுற வழக்கம் இல்லையா? பேசினாரே, அதுவும் வயசுல பெரியவர், மரியாதையாத்தான் பேசினார். பேசினது காகிதத்துல நிக்கல, பேசினவருக்கு நாற்காலி நிக்கல.

ஹைதராபாத் ஐடி கம்பெனி சத்யம் விஷயத்தை இந்த வெளிச்சத்துல பாருங்க. 2008 டிசம்பர் 16, சத்யம் சேர்மன் ராஜு குடும்பத்தோட மேடாஸ் கம்பெனிங்க ரெண்டை 160 கோடி டாலருக்கு வாங்குறதுக்கு போர்டு ஒத்துக்கிச்சு. போர்டுல யார் யார் இருந்தாங்க தெரியுமா, ஹார்வர்ட் பேராசிரியர், ஹைதராபாத் பிசினஸ் ஸ்கூல் டீன், முன்னாள் கேபினட் செக்ரட்டரி. அதே வருஷம் கார்ப்பரேட் கவர்னன்ஸுக்கு கோல்டன் பீகாக் விருது வாங்கின கம்பெனி அது. அறிவிச்ச சில மணி நேரத்துல முதலீட்டாளருங்க கொதிச்சு எழுந்தாங்க, நியூயார்க்ல பங்கு பாதிக்கு மேல விழுந்துச்சு, டீல் வாபஸ். 2009 ஜனவரி 7 ராஜுவே லெட்டர் எழுதினார், கணக்குல காட்டின 5,361 கோடி ரூபாய் ரொக்கத்துல 5,040 கோடி இல்லவே இல்லன்னு. நான் இதுல திரும்பத் திரும்ப யோசிக்கிறது ஒண்ணைத்தான், ராஜு குடும்பத்துக்கிட்ட அப்ப பங்கு 10 சதவீதம்கூட கிடையாது, ஆனாலும் போர்டு அவரோடதா இருந்துச்சு. அந்த டீலை நிறுத்தினவங்க, அவர் போட்ட நாற்காலில உக்காராத முதலீட்டாளருங்க.

உங்க சீனியர் ஜப்பானச் சொன்னாரில்ல, அதுக்கும் வர்றேன், ஏன்னா அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கு. ஜப்பானோட தோஷிபா கம்பெனில குடும்ப முதலாளி யாரும் இல்ல, எல்லாரும் கம்பெனிக்குள்ளயே வளர்ந்த மேனேஜருங்க, 2003லயே, போர்டுக்குள்ள வெளி டைரக்டருங்க இருக்கிற தனிக் கமிட்டிங்க வைக்கிற முறைக்கு மாறி முன்மாதிரின்னு பேர் வாங்கினவங்க. 2015ல பாத்தா ஏழு வருஷமா லாபத்தை 15,000 கோடி யென்னுக்கு மேல கூட்டிக் காட்டியிருக்காங்க. மேலிருந்து ஒரு டார்கெட் வரும், அதுக்குப் பேரே "சேலஞ்ச்", காலாண்டு முடிய சில நாள் இருக்கும்போது வரும், நேர்மையா முடிக்கவே முடியாது. விசாரணைக் கமிட்டி ரிப்போர்ட்டுலயே, மேலதிகாரி விருப்பத்துக்கு எதிரா போக முடியாத சூழல்னு எழுதியிருக்காங்க. சரி, அந்தச் சூழல் ஏன் அப்படி இருந்துச்சு? கணக்கைக் கண்காணிக்கிற ஆடிட் கமிட்டிக்கு தலைவரா இருந்தவர் அதே கம்பெனியோட முன்னாள் சிஎஃப்ஓ, அதாவது நிதித் தலைவர், அவர் கீழ நடந்த கணக்கை அவரேதான் பாக்கணும். இதுல ஜப்பான் எங்க வந்துச்சு? அமெரிக்காவுல 2001ல கணக்கு மோசடியில கவுந்த என்ரான் கம்பெனிலயும் போர்டு தலையாட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு, அதை யாரும் வெள்ளைக்காரன் பண்பாடுன்னு சொல்லல.

கொரியாவுல நடந்தத உங்க சீனியருக்கு கண்டிப்பா சொல்லுங்க. 2019 மார்ச்ல கொரியன் ஏர் சேர்மன் சோ யாங் ஹோ மறுபடி டைரக்டராக மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், 64.1 சதவீதம்தான் கிடைச்சுது, வெளிய போனார். ஒரு சேபோல் தலைவரை பங்குதாரருங்க ஓட்டுப் போட்டு போர்டுலேர்ந்து இறக்கினது அங்க அதான் முதல் தடவை. எதிர்த்து ஓட்டுப் போட்டதுல முக்கியமானது தேசிய பென்ஷன் ஃபண்ட், சாதாரண ஜனங்களோட பென்ஷன் பணம். பெரியவங்கள மதிக்கிற நாடுதான் அது, ஓட்டு கையில இருந்துச்சு, போட்டாங்க. அதே பென்ஷன் ஃபண்டுதான் 2015ல சாம்சங் குரூப்போட ரெண்டு கம்பெனிங்க, சாம்சங் சி அண்ட் டி, செயில் இண்டஸ்ட்ரீஸ், இணைப்புக்கு சரின்னு ஓட்டுப் போட்டுச்சு, அப்படிப் போடச் சொல்லி அழுத்தம் கொடுத்ததுக்காக சுகாதார அமைச்சரா இருந்தவருக்கு ஜெயில் தண்டனை ஆச்சு. (சாம்சங் தலைவர் லீ ஜே யோங் மேல இருந்த இணைப்பு வழக்குல 2025ல சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் அவர் விடுதலை ஆயிட்டார், அதையும் சொல்லணும், இல்லன்னா நியாயம் ஆகாது.) ஆக, ஓட்டு இருந்தா மட்டும் போதாது, அந்த ஓட்டைப் போடுறவர் மேல யாரும் கை வைக்க முடியாம இருக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சட்டமும் கொரியாவுலதான் இருக்கு, மூணு சதவீத விதி. ஆடிட் கமிட்டி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய பங்குதாரர்கிட்ட எவ்வளவு பங்கு இருந்தாலும் 3 சதவீதத்துக்கு மேல ஓட்டு எண்ண மாட்டாங்க. 2025 ஜூலைல அதை இன்னும் இறுக்கினாங்க, கூடவே டைரக்டரோட கடமை கம்பெனிக்கு மட்டும் இல்ல பங்குதாரருங்களுக்கும்தான்னு சட்டத்துலயே எழுதினாங்க. இங்கயும் இது வரணும்னு நான் எத்தனையோ மேடைல பேசிட்டேன், பேசிக்கிட்டே இருப்பேன்.

சீனா வேற வழில போச்சு, எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல. காங்மெய்ங்கிற மருந்துக் கம்பெனி வழக்குல 2021ல கோர்ட்டு இண்டிபெண்டன்ட் டைரக்டருங்க அஞ்சு பேரையும் 246 கோடி யுவான் இழப்பீட்டுல 5லேர்ந்து 10 சதவீதம் வரைக்கும் பொறுப்பாக்கிச்சு. அவங்கள்ல சிலர் பேராசிரியருங்க, ஆயுசு முழுக்க சம்பாதிச்சாலும் கட்ட முடியாத தொகை. உடனே நாடு முழுக்க இண்டிபெண்டன்ட் டைரக்டருங்க ராஜினாமா பண்ண ஆரம்பிச்சாங்க. பயம் வந்தா ஆளு எழுந்து போயிடுவார், கேள்வி கேக்க மாட்டார்.

இப்ப உங்க கதைக்கு வர்றேன். முதல்ல ஒண்ணு, ராயல்டின்னாலே திருட்டு இல்ல, பேரை வளர்த்தவங்க அதுக்கு விலை கேக்கலாம், விலை எவ்வளவுங்கிறதுதான் கேள்வி. அந்தத் தொகை கன்சாலிடேட்டட் டர்ன்ஓவர்ல, அதாவது துணைக் கம்பெனிகளையும் சேர்த்த வருஷ விற்பனைல, 5 சதவீதம் தாண்டினா பங்குதாரர் ஓட்டுக்குப் போகணும், அங்க ப்ரமோட்டர் ஆதரவா ஓட்டுப் போட முடியாது, மத்தவங்க ஓட்டுதான் கணக்கு. தாண்டலன்னா ஆடிட் கமிட்டியோட நிக்கும், ஆனா ரிலேட்டட் பார்ட்டி, அதாவது முதலாளி குடும்பத்து கம்பெனி மாதிரி வேண்டப்பட்டவங்களோட நடக்கிற, விஷயத்துக்கு அந்தக் கமிட்டிலயும் இண்டிபெண்டன்ட் ஆளுங்க மட்டும்தான் ஒப்புதல் கொடுக்க முடியும். கடனும் அதே மாதிரி ஆடிட் கமிட்டிக்குத்தான் முதல்ல வந்தாகணும். அந்தக் கமிட்டி கையில வர்ற நோட்டை, அதாவது விளக்கக் குறிப்பை, எழுதுறது யாரு? நீங்களும் உங்க டீமும். அவங்க பெரிய ஆளுங்கதான், ஆனா கம்பெனி பத்தி அவங்களுக்குத் தெரியிறது அந்த நோட்டுல இருக்கிற அளவுதான்.

அதனால நோட்டை முழுசா எழுதுங்க. போன மூணு வருஷ ராயல்டி, விற்பனை வளர்ச்சி, லாபம் பக்கத்துல பக்கத்துல. கடன் வாங்குற கம்பெனி யாரோடது, வட்டி என்ன, நாம பேங்க்ல வாங்குற வட்டி என்ன, செக்யூரிட்டி என்ன. தீர்ப்பு சொல்லாதீங்க, குற்றம் சாட்டாதீங்க, எண்ணை மட்டும் வைங்க. ஏழு நாளைக்கு முன்னாடி போற மாதிரி பாத்துக்குங்க, முந்தின நாள் ராத்திரி போற நோட்டை யாரும் படிக்க மாட்டாங்க. யாராவது நோட்டுலேர்ந்து எதையாவது எடுக்கச் சொன்னா மெயில்ல சொல்லச் சொல்லுங்க, மரியாதையா. யார் எந்தத் தேதில எதை மாத்தச் சொன்னாங்கன்னு குறிச்சு வைங்க, ஆனா கம்பெனி டாக்குமென்ட வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, அது உங்க மேலயே திரும்பும்.

உங்க கம்பெனி செக்ரட்டரிகிட்ட தனியா ஒரு நாள் பேசுங்க. எதிர்க்கிற டைரக்டரோட பேரை மினிட்ஸ்ல எழுதணும்னு கம்பெனி சட்டம் 118வது பிரிவு சொல்லுது. தனக்குத் தெரிஞ்சு, தன் சம்மதத்தோட, இல்ல தன் அக்கறையின்மையால நடந்ததுக்கு மட்டும்தான் இண்டிபெண்டன்ட் டைரக்டர் பொறுப்புன்னு 149வது பிரிவுல இருக்கு. அதாவது கேட்ட கேள்வி மினிட்ஸ்ல இருந்தா அது அவருக்கே கவசம். இதை அவங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது செக்ரட்டரி, நான் அன்னிக்கு சொல்லியிருக்கணும்.

விஜில் புகார்னு, அதாவது நடக்கிற தப்பைப் பத்தி கம்பெனிக்குள்ளயே புகார்னு, போறது கடைசி வழி, போனா ஆடிட் கமிட்டி தலைவர்கிட்ட நேரா போங்க, சட்டம் அதுக்கு இடம் கொடுக்குது. ஒலிம்பஸ்ங்கிற கேமரா கம்பெனில 2007ல ஒரு ஊழியர் உள்ள இருந்த ஹாட்லைன்ல புகார் சொன்னார், அவர் பேரு நேரா அவரோட மேலதிகாரிக்கே போச்சு, வேற வேலைக்குத் தூக்கிப் போட்டாங்க. கோர்ட்டுக்குப் போய் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் ஜெயிச்சார், 2012ல. ஜப்பான்ல தம்பி. அஞ்சு வருஷம் ஆச்சு, அது உங்களால தாங்க முடியுமா, வீட்டுல என்ன நிலைமைங்கிறத நீங்கதான் முடிவு பண்ணணும், நான் இங்க உக்காந்துக்கிட்டு தைரியமா இருங்கன்னு சொல்றது சுலபம், அதனால சொல்ல மாட்டேன்.

நான் எடுத்த அந்த வரி எனக்கு இன்னும் வார்த்தை மாறாம ஞாபகம் இருக்கு. "மதிப்பீட்டு அறிக்கை ஏன் இணைக்கப்படவில்லை என்று ஒரு இயக்குநர் கேட்டார்." உங்க கடன் நோட்டோட, கடன் வாங்குற கம்பெனியோட பேலன்ஸ் ஷீட் இணைச்சிருக்கான்னு முதல்ல பாருங்க, பாத்துட்டு எனக்கு எழுதுங்க.