கருவில் மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு, அதே பாதிப்புள்ள இன்னொருவர் உதவ முடியுமா?

தாய் கர்ப்பகாலத்தில் கசிப்புக் குடித்ததால் மூளை பாதிக்கப்பட்ட பொடியனைப் பற்றிக் கிளிநொச்சியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் முடியும். நாலு வேலையை ஒன்றாகச் சொன்னால் அவன் மனதில் ஒன்றுதான் நிற்கும், நேரக் கணக்கும் பிடிபடாது, நாங்கள் அதைத் திமிர் என்று ஏசுகிறோம். அதையே அனுபவித்து வளர்ந்த ஒருவர் போனில் அலாரம் வைக்கவும் “ஒவ்வொன்றாகச் சொல்லுங்கோ சேர்” என்று கூச்சப்படாமல் கேட்கவும் பழக்குவார். கனடாவில் இப்படி வளர்ந்த பெரியவர்களே தங்கள் உடல்நலம் பற்றி ஆய்வு நடத்தி, மூளையை மட்டுமல்ல முழு உடம்பையும் பாருங்கள் என்று வைத்தியர்களிடம் கேட்கிறார்கள். வன்னியிலும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே அமைப்பாகத் திரண்டவர்கள்தானே! சரி, இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து இப்படி ஒரு உதவிக் குழுவைத் தொடங்குங்கள், ஆனால் அங்கே தாயைக் குற்றம் சொல்ல யாரையும் விடாதீர்கள், அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் பிள்ளையை வெளியே காட்டுவதே இல்லை.