வடவள்ளிக்கு வரவேண்டிய சப்பரம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் கும்பகோணத்துக்காரர்கள். வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்ததால் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் கோவைக்கு வந்து, வடவள்ளியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகள் நாலாம் வகுப்பு, மகன் யூகேஜி. ஊரில் ஆடிப்பெருக்கு என்றால் காலையிலேயே படித்துறைக்குக் கிளம்பிவிடுவோம். காப்பரிசி, காதோலை கருகமணி, என் மாமனார் செய்து தரும் சப்பரம் என்று பிள்ளைகளுக்கு நாள் முழுக்கக் கொண்டாட்டம். இந்த வருஷம் பாத்ரூமில் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, மஞ்சள் கரைத்து, விளக்கு காட்டி முடித்துவிட்டேன். "ஆறு எங்கம்மா?" என்று சின்னவன் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மால். இல்லாவிட்டால், கோவையில் குழந்தைகளோடு பார்க்க வேண்டிய இடங்கள் என்று வாட்ஸப்பில் வரும் பட்டியலில் ஏதாவது ஒன்று. வீடு திரும்பினால் அலுப்புதான் மிச்சம். சிநேகிதம் கிடைக்கட்டும் என்று மகளை அபாகஸ், கீபோர்டு, ஸ்கேட்டிங் மூன்றிலும் சேர்த்தோம். கிடைக்கவில்லை. நம் பழக்கவழக்கமெல்லாம் இந்தப் பிள்ளைகளோடு விட்டுப்போய்விடுமோ என்று மாமியார் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீங்கள் உள்ளூர்க்காரர் என்பதால் கேட்கிறேன்: எங்கே கூட்டிப்போகலாம், எதில் சேர்க்கலாம்? கோவைக் குற்றாலத்துக்குச் சின்னப் பிள்ளைகளோடு போகலாமா?

வடவள்ளியிலிருந்து ஒரு வாசகி
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சின்னவனுக்குப் பதில். ஆறு பக்கத்தில்தான் இருக்கிறது, பேரூரில். ஆட்டோ ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கி வரும் நொய்யல், பட்டீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. ஆடி அமாவாசைக்கும் ஆடிப்பெருக்குக்கும் பேரூர்ப் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. இன்னொன்றும் அவனுக்குச் சொல்லலாம். இந்த நொய்யல் கரூர் மாவட்டத்தில் போய்க் காவிரியில் சேர்கிறது. கும்பகோணம் அதற்கும் கீழே. உங்கள் ஊர்ப் படித்துறைக்கு மேலேயிருந்து தண்ணீர் அனுப்புகிற ஆறுகளில் இதுவும் ஒன்று. மேப்பைப் பிரித்து வைத்து, பேரூரில் தொடங்கிக் கும்பகோணம் வரை மகளை விரல் வைத்துப் போகச் சொல்லுங்கள். நடுவில் எந்தெந்த ஊர் வருகிறது என்று தம்பிக்கு அவளே சொல்லட்டும்.

காவிரியை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் பேரூரில் ஆறு வறண்டு கிடக்கும். நகரத்தைத் தாண்டும்போது சாக்கடை சேர்ந்துகொள்கிறது. அதற்கப்பால் திருப்பூர்ச் சாயக்கழிவில் அது பட்ட பாடு ஊரறிந்த கதை. தென்மேற்குப் பருவமழை மலையில் பிடித்துவிட்டால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். கரையில் நின்று பூ போட்டால் போதும்.

பக்கெட்டில் கும்பிட்டதற்காக இவ்வளவு வருத்தப்பட வேண்டியதில்லை. காவிரி வறண்ட வருஷங்களில் டெல்டாவிலேயே குழாயடியில் கும்பிட்டவர்கள் உண்டு. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. ஊரில் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வேலை இருந்தது. சப்பரத்துக்குக் கலர்த்தாள் ஒட்டுவது, காப்பரிசிக்கு வெல்லம் தட்டுவது, தட்டும்போதே பாதியை வாயில் போட்டுக்கொள்வது, சப்பரத்தை யார் முதலில் இழுப்பது என்று சண்டை போடுவது. வடவள்ளியில் எல்லாவற்றையும் நீங்களே செய்து முடித்தீர்கள். அவர்கள் பாத்ரூம் வாசலில் நின்று பார்த்தார்கள். விட்டுப்போனது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே அடுத்த ஆடிக்குச் சப்பரம் இங்கே வந்தாக வேண்டும். மயிலாடுதுறை ஜன சதாப்தி கும்பகோணம் வழியாகத்தான் கோவைக்கு வருகிறது. சக்கரம், அடிப்பலகை, மேல்சட்டம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டி மாமனார் கொண்டு வந்துவிடலாம். ஒட்டுகிற வேலையையும் ஆணி அடிக்கிற வேலையையும் பேரப்பிள்ளைகளுக்கு விடச் சொல்லுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் யாரும் சரிசெய்ய வேண்டாம். குடியிருப்பில் கார் நிறுத்துகிற இடத்தில் அதை இழுத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது புதிது. எங்களுக்கு ஆடி நோம்பி என்றால் தூரிதான். வேப்பமரத்துக் கொம்பில் வடக்கயிறு கட்டி, ஒருத்தர் உட்கார, ஒருத்தர் நின்று உந்த, கொம்பு கிரீச்சிடக் கிரீச்சிட ஆடுவோம். இப்போது மரமும் குறைவு, கயிறு கட்டித் தர ஆளும் குறைவு. உங்கள் குடியிருப்பில் உள்ளூர்க் குடும்பங்கள் நாலைந்தாவது இருக்கும். சப்பரம் உங்கள் வீட்டிலிருந்து வரட்டும், தூரி அவர்கள் கட்டட்டும். மூன்று வகுப்பில் சேர்த்தும் கிடைக்காத சிநேகிதம், அந்தக் கயிற்றுக்கு முறை வைத்து நிற்கும்போது கிடைத்துவிடும்.

இனி ஞாயிற்றுக்கிழமை. வாட்ஸப் பட்டியலை அழித்துவிடுங்கள். வாரத்துக்கொரு புது இடம் என்று போனால், எந்த ஊரில் இருந்தாலும் பிள்ளைகள் சுற்றுலாப் பயணிகளாகத்தான் இருப்பார்கள். கும்பகோணத்தில் நீங்கள் வாராவாரம் புது இடமா தேடிப் போனீர்கள்? அதே படித்துறை, அதே கோயில் குளம், அதே கடைத்தெரு. தண்ணீர் எப்போது ஏறும், எந்தப் படியில் வழுக்கும், எந்தக் கடையில் ஓசியில் ஒரு மிட்டாய் கிடைக்கும் என்பதெல்லாம் உங்கள் மகளுக்கு அத்துப்படி. அதுதான் சொந்த ஊர். இங்கேயும் ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போங்கள்.

எந்த இடம் என்று கேட்பீர்கள். உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் கிருஷ்ணாம்பதி குளத்தைச் சொல்வேன். நொய்யலைப் பேரூருக்கு மேற்கே சித்திரைச்சாவடியில் தடுத்து, வாய்க்காலில் திருப்பிய தண்ணீர் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி என்று குளம் குளமாக வருகிறது. கோவையின் குளங்கள் பெரும்பாலும் இப்படிச் சங்கிலியாகக் கோத்தவை. காவிரியிலிருந்து கண்ணி வாய்க்கால் வரைக்கும் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். சின்னவனுக்கு முக்குளிப்பானைக் காட்டுங்கள். கோழிக்குஞ்சு அளவுதான் இருக்கும். மிதந்துகொண்டே இருக்கும், திடீரென்று காணாமல் போய்விடும். எங்கே மேலே வரும் என்று ஆளுக்கொரு இடத்தைக் கைகாட்டிப் பந்தயம் கட்டலாம். பெரும்பாலும் எல்லாருமே தோற்பீர்கள். கரையோரப் புல்லுக்குள் நீலத்தாழைக்கோழி வாலைத் தூக்கித் தூக்கி நடக்கும். கார்த்திகை, மார்கழியில் வெளியூர் வாத்துகள் வந்து சேரும். மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கி ஓரத்தில் சேறு தெரிய ஆரம்பித்ததும், சிவப்புக் குச்சிக் காலோடு நெடுங்கால் உள்ளான்கள் நிற்கும். மகளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, தேதி போட்டுப் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரையட்டும். குளத்தில் பிளாஸ்டிக்கும் கிடக்கும், ஆகாயத்தாமரையும் மண்டும், சில நாள் நாற்றமும் அடிக்கும். ஏன் என்று அவள் கேட்கத்தான் செய்வாள். அதையும் நோட்டில் எழுதட்டும். தண்ணீர் வருகிற காலத்தில் ஒரு நாள் சித்திரைச்சாவடி அணைக்கட்டையும் காட்டிவிடுங்கள். குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அதற்கப்புறம் அவளே பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்வாள்.

குளத்துக்குப் போக முடியாத நாட்களுக்கு, போகிற போக்கில் சில இடங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் உங்களுக்குக் கிட்டத்தில்தான். ஆர்.எஸ்.புரத்தில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டுக்கும் விடுமுறை, நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். ஊட்டி ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று மனம் தளர வேண்டாம். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் காலையில் அது கிளம்புவதைப் பார்ப்பதற்கே ஒரு தடவை போகலாம். மலையேறும்போது எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளும். கல்லாறு முதல் குன்னூர் வரை நடுத் தண்டவாளத்துப் பற்களில் சக்கரம் கவ்விக்கொண்டு ஏறும். 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை அது. யூகேஜிப் பையனுக்கு அந்த எஞ்சினின் மூச்சே போதும்.

பேரூரில் இன்னொரு நாளைத் தவறவிடாதீர்கள். ஆனி மாதத்தில் பட்டீசுவரர் கோயிலில் நாற்று நடவு விழா நடக்கும். சுந்தரர் வந்தபோது சிவனும் பார்வதியும் உழவர் வேடத்தில் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது தலபுராணம். அதை நினைத்து வயலில் நிஜமாகவே நடுவார்கள். உங்கள் ஊரில் குறுவை நடவு நடக்கிற அதே சமயம். மாமனாரையும் அப்போது கூட்டிவந்தால், நாற்றுமுடி பிடிக்கிற விதத்தில் அவர் நிச்சயம் ஏதாவது குறை கண்டுபிடிப்பார். பேரப்பிள்ளைகளுக்கு அந்த வர்ணனை கோயிலைவிட நன்றாக இருக்கும். கோயிலில் பிறவாப் புளி என்று ஒரு மரம். அதன் விதை முளைக்காது என்பார்கள். இறவாப் பனை என்று இன்னொன்று. மகள் நம்பமாட்டாள் என்று நினைக்கிறேன். நம்பாமல் இருந்தாலும் நல்லதுதான்.

வகுப்புகளில், அவளுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துங்கள். பிடித்தது எது என்று அவளையே கேளுங்கள், அபாகஸ் என்று சொன்னால் என்னைத் திட்டாதீர்கள். அந்த நேரத்தில் வள்ளி கும்மிக்கு அனுப்பிப் பாருங்கள். கொங்குப் பகுதி முழுக்க, வடவள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களிலும், கோயில் மைதானத்தில் சாயங்காலம் சொல்லித் தருகிறார்கள். பாட்டியிலிருந்து பேத்தி வரை ஒரே வரிசையில் நிற்பார்கள். வள்ளி முருகன் கதையைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டே கைதட்டி அடி வைத்து ஆட வேண்டும். பழகி முடித்ததும் ஊர்கூடி அரங்கேற்றம். ஆண்கள் மட்டும் ஆடிவந்த இந்தக் கலையில் பெண்களையும் சேர்த்துப் பழக்கியவர் மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்ரப்பன். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகளைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் வரிசையில் நின்றுவிடுங்கள். அடி தப்பினால் பக்கத்தில் நிற்கிற அம்மா தோளைப் பிடித்துத் திருப்பி விடுவார், அவ்வளவுதான்.

தையில் எங்கள் ஊர்ப் பழக்கத்துக்குள் தைரியமாகப் புகுந்துவிடுங்கள். போகி அன்று இங்கே காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, வெள்ளை வெளேரென்ற பூளைப்பூ மூன்றையும் சின்னக் கட்டாகக் கட்டி வாசலில் செருகுவோம். அடுக்குமாடியில் கூரை இறவாணம் ஏது? கதவுக் கைப்பிடியில் கட்டுகிறார்கள், ஸ்கூட்டர் முன்னாலும் கட்டுகிறார்கள். முந்தின நாளே தெருவோரத்தில் கட்டுக்கட்டாக விற்பார்கள். ஆனால் விலைக்கு வாங்குவதைவிட, தோட்டம், காடு என்று நிலம் இருக்கிற யாரையாவது பிடித்துப் பிள்ளைகளோடு போய்ப் பறித்து வருவது நல்லது. பொங்கல் முடிந்தால் பூப்பறிக்கிற நோன்பு. பெண்பிள்ளைகள் கூட்டமாகப் பாடிக்கொண்டு ஆவாரம்பூ பறிக்கப் போவார்கள். நகரத்துக்குள் அது தேய்ந்துவிட்டது, தொண்டாமுத்தூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள். உங்கள் குடியிருப்பில் ஒரு அம்முச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கட்டாயம் இருப்பார். அவர் இடியாப்பம் மாதிரியான சந்தகை பிழிகிற அன்று மகனை அனுப்பிவையுங்கள். முக்காலி மிஷினின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாற்போல் அழுத்தினால்தான் கீழே நூல் நூலாக இறங்கும். அந்த வேலைக்கு யூகேஜிக்காரன் எடை போதாது, ஆனால் விடமாட்டான். பதிலுக்கு உங்கள் வீட்டுக் காப்பரிசியைக் கொடுத்தனுப்புங்கள்.

மாமியாரிடம் நீங்கள் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். போனைப் பெரியவளிடம் கொடுத்து, அந்த நோட்டை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கும்பகோணத்தில் இப்போது ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று அவளும் பதிலுக்குக் கேட்கட்டும்.

கோவைக் குற்றாலம்: போகலாம், ஆனால் ஆடியில் வேண்டாம். அருவியில் வெள்ளம் வந்தால் வனத்துறை மூடிவிடும், போய்விட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கும். மழை ஓய்ந்த பிறகு, கூட்டம் குறைவான வாரநாளில், திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். நுழைவாயிலிலிருந்து கொஞ்ச தூரம் காட்டுக்குள் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் சின்னவனுக்கு வழுக்காத செருப்பு அவசியம். தின்பண்டப் பையை வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள், குரங்குகள் விடாது.

அன்புடன்,
அக்கா