முயலுக்குத் தலை சாய்ந்துவிட்டால்: டெல்டா வளர்ப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணத்திலிருந்து ஒரு அம்மா: நேற்று காலையிலிருந்து எங்கள் முயலின் தலை வலப்பக்கம் திருகிக்கொண்டது. கருவிழி இடமும் வலமுமாகத் துடிக்கிறது, எழுந்தாலே உருண்டு விழுகிறது. சுளுக்குதான், கழுத்தை நீவிவிடு என்கிறார் மாமியார்.

நீவவே நீவாதீர்கள் அம்மா. கோளாறு கழுத்தில் இல்லை. உள்காதிலோ மூளையிலோ இருக்கிறது. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியா உள்காதில் சீழ் வைத்திருக்கும்; இல்லாவிட்டால் என்செஃபாலிட்டோசூன் குனிகுலி என்கிற ஒட்டுண்ணி மூளையைத் தாக்கியிருக்கும். வெளித்தோற்றத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது, டாக்டர் காதுக்குள் பார்த்தாக வேண்டும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான். சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து, இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணை கொடுத்து, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள்.

திருவாரூர் தம்பி: தலை சாய்ந்ததிலிருந்து எதையும் தொடவில்லை. பசித்தால் தின்னும் என்று விட்டுவிடலாமா?

கூடாது தம்பி. தலை சாய்ந்ததால் சாகிற முயலைவிட, வயிறு காய்ந்து சாகிற முயல்தான் அதிகம் என்பது என் அனுபவம். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் தின்னாமல், புழுக்கையும் போடாமல் கிடந்தால் அதுவே அவசரம்.

இதற்குத் தலை கிறுகிறுவென்று சுற்றுகிறது, அதனால்தான் தட்டுக்குப் போக முடியவில்லை. வாயருகே கொண்டுபோய் நீட்டிப் பாருங்கள்: கல்யாண முருங்கை இலை, வேலிமசால் என்கிற தீவனச் செடியின் தழை, மண் போகக் கழுவிய அருகம்புல். அதற்கும் வாய் திறக்காவிட்டால், முயல் தீவனக் குச்சியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுங்கள். மல்லாக்கப் போடாதீர்கள், புரையேறிவிடும். உட்காரவைத்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒவ்வொரு வாயையும் மென்று விழுங்கும் வரை பொறுங்கள். வயிறு உப்பிக் கல்லாட்டம் இருந்தால் மட்டும் ஊட்டாமல் நேரே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மன்னார்குடி: அந்த ஒட்டுண்ணிதான் என்று டாக்டர் ஃபென்பெண்டசோல் என்கிற மருந்தை எழுதிக் கொடுத்தார். ஒரு வாரமாகியும் தலை நிமிரவில்லை. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். வழக்கமான அளவு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம், தினம் ஒருவேளை, 28 நாள். மருந்து ஒட்டுண்ணியைத்தான் அடக்கும். நரம்பில் ஏற்பட்ட பாதிப்பு ஆற மாதக்கணக்கில் ஆகலாம். ஆட்டுக்கு வைத்திருக்கும் குடற்புழு மருந்தைக் கண்ணளவில் ஊற்றுவது மட்டும் வேண்டாம், அளவு மீறினால் எலும்பு மஜ்ஜை கெடும். இன்னொன்று: அமாக்ஸிசிலின் என்கிற ஆன்டிபயாடிக்கை வாய்வழியாகக் கொடுத்தால் குடல் கெட்டு முயல் செத்தே போகும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மயிலாடுதுறை: மற்ற முயலுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றுமா?

மூளையைத் தாக்கும் அந்த ஒட்டுண்ணி மூத்திரம் வழியாக மற்ற முயலுக்குப் பரவும். கூண்டைப் பிரித்து வையுங்கள், தட்டுகளில் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். திடமாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து மிகக் குறைவு, கை கழுவினால் போதும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்றிக்கொண்டவர் வீட்டில் இருந்தால் அவர்கள் கூண்டுப் பக்கமே போக வேண்டாம்.

நாகப்பட்டினம்: தலை நேராகவே ஆகாது, ஊசி போட்டு முடித்துவிடு என்கிறார்கள்.

தின்கிறதா, உங்கள் குரலுக்குக் காது அசைகிறதா? அப்படியென்றால் அவசரப்படாதீர்கள். சாய்ந்த தலையோடே ஓடியாடி வருஷக்கணக்கில் வாழும் முயல்கள் உண்டு. ஊட்டியும் இறங்காமல், உருளுவதும் நிற்காமல், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே கிடந்தால் அப்போது டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கீழ்ப்பக்கக் கண்ணை மறக்காதீர்கள். அது தரையில் உரசிப் புண்ணாகும். தினமும் சுத்தப் பஞ்சை நனைத்துத் துடைத்து, டாக்டர் தரும் களிம்பைப் போடுங்கள்.

பட்டுக்கோட்டை: வரப்புப் புல் போடலாமா?

பக்கத்து வயலில் மருந்தடித்திருந்தால் வேண்டாம். பூச்சிமருந்து பட்ட புல்லே வலிப்பும் நடுக்கமும் கொண்டுவரும், நோயா விஷமா என்று பிரித்தறிவதும் கஷ்டமாகிவிடும். கொல்லையில் நாலடி இடத்தில் நீங்களே வேலிமசால் விதையுங்கள்.