அந்தப் பேச்சை எடுக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 24. தற்கொலைக்கு முயன்று, பிழைத்து, வீடு திரும்பி மூன்று வாரமாகிறது. "அந்தப் பேச்சையே எடுக்காதே, மறுபடி ஞாபகம் வந்துடும்" என்கிறார் அம்மா. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று அப்பாவுக்குப் பயம். அவனோ ஒன்றும் நடக்காதது மாதிரி சிரித்துப் பேசுகிறான். எனக்குத்தான் ராத்திரி தூக்கமில்லை. அவனிடம் கேட்கலாமா?

- பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: கேளுங்கள் சகோதரி. சுற்றி வளைக்காமல், "இப்பவும் செத்துடலாம்னு தோணுதாடா?" என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இதைப் பேசக்கூட ஆள் இருக்கிறது என்று பெரும்பாலும் நெஞ்சு லேசாகும். அவன் சொல்லும்போது "அம்மாவை நினைச்சுப் பார்த்தியா?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அதை அவன் உங்களைவிட அதிகம் நினைத்திருப்பான்.

ஒருமுறை கேட்டதோடு விடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து ஊர்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2008-இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க?" என்ற விசாரிப்பு. அவ்வளவுதான். முதல் பிரிவில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். ஒன்பதில் ஐந்து விசாரிப்பு முதல் மூன்று மாதத்துக்குள். உங்கள் தம்பி இப்போது அந்த மூன்று மாதத்தில்தான் இருக்கிறான்.

வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் இன்றே அப்புறப்படுத்துங்கள். செத்துடலாம் என்ற அந்த வேகம் பல நேரம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அதுவரை எதுவும் கைக்கெட்டக் கூடாது. டாக்டர் கொடுத்த மாத்திரையை வேளாவேளைக்கு நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, இப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டனை கிடையாது, சிகிச்சை தருவது அரசின் கடமை. கேஸுக்குப் பயந்து மனநல மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள்.

"ஆமா, தோணுது" என்று அவன் சொன்னால் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் உள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050.

தூக்கம் வராத ராத்திரியில் 14416-க்கு நீங்களும் பேசலாம். தம்பிக்காக இல்லை, உங்களுக்காக.