பேரன் பெயர் ரீஸ்: வாசகர் கேள்வி பதில்

என் மகள் கார்டிஃபில் இருக்கிறாள். மருமகன் வெல்ஷ்காரர். பிறந்த பேரனுக்கு ரீஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்ன அர்த்தம் என்று கேட்டால், "ராஜா பேரும்மா" என்று சொல்லிவிட்டு மருமகன் சிரிக்கிறார். எனக்கு முழுசாகத் தெரிய வேண்டும்.
*ஒரு பாட்டி, கும்பகோணம்*

முதலில் வாழ்த்துகள் அம்மா. மருமகன் சொன்னது பொய்யில்லை, அந்தப் பெயரில் ராஜாக்கள் இருந்தார்கள். ஆனால் பெயரின் பொருள் ராஜா இல்லை. ஆர்வம், வேட்கை, மனசுக்குள் மூண்டு எரிகிற ஊக்கம் என்று சொல்லலாம். இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டியிருக்கிற வேல்ஸ் நாட்டின் மொழிதான் வெல்ஷ். பழைய வெல்ஷில் 'ரிஸ்' என்று எழுதினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் புழக்கத்தில் இருக்கிற பெயர்.

நான் 1980களின் கடைசியில் ஆறு வருஷம் கார்மார்தன் ஊரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். வேல்ஸின் தென்மேற்கு மூலை அது, ரீஸ்களின் சொந்த நிலம். ஒரு வாரம் எங்கள் வார்டில் மட்டும் மூன்று ரீஸ் படுத்திருந்தார்கள். குடும்பப் பெயரைச் சொல்லிப் பிரிக்கலாம் என்றால் மூன்று பேருமே ஜோன்ஸ். பார்க்க வந்தவர்களே வழி சொன்னார்கள்: பால் ரீஸ், தபால் ரீஸ், பேக்கரி ரீஸ். எங்கள் தெருவில் பால்கார கோவிந்தன், டைலர் கோவிந்தன் என்று சொல்லி வளர்ந்த எனக்கு அன்றைக்குத்தான் அந்த ஊர் சொந்த ஊர் போல ஆனது.

நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு மட்டும் என் உச்சரிப்பு பிடிக்கவில்லை. 'ரீஸ்' என்று நாம் சொல்வது போலச் சொன்னேன். அவர் மளிகைக்கடை ரசீதை எடுத்து என் வாய்க்கு முன்னால் பிடித்தார். "இந்தக் காகிதம் ஆட வேண்டும்" என்றார். அவர் சொன்னபோது ஆடியது, நான் சொன்னபோது அசையவே இல்லை. பிறகு என் கையை எடுத்து என் தொண்டையிலேயே வைத்தார். ர சொல்லும்போது தொண்டை அதிரக் கூடாது. நாக்கு நுனி மட்டும் துடிக்க வேண்டும், மூச்சு அதைத் தாண்டிப் போக வேண்டும். கிட்டத்தட்ட 'ஹ்ரீஸ்'. ரசீதை ஆட வைக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு விஷயம் இருக்கிறது. தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. அதனால்தான் இராமன், உரோமம், அரங்கன் என்று முன்னால் ஓர் உயிரைச் சேர்த்தார்கள் நம் முன்னோர். வெல்ஷிலும் அப்படித்தான். கடன் வாங்கிய சொற்களை விட்டுவிட்டால், எந்தச் சொல்லும் வெறும் ர-வில் தொடங்காது. நாம் உயிரெழுத்தை முன்னால் வைத்தோம், அவர்கள் மூச்சைச் சேர்த்தார்கள். பேரனைக் கூப்பிடும்போது அந்த மூச்சை விட்டுவிடாதீர்கள். பெயரின் உயிரே அதில்தான் இருக்கிறது.

ரீஸ் என்ற பெயரில் எத்தனை ராஜாக்கள்? யார் முக்கியமானவர்?
*முதுகலை வரலாறு மாணவர், மதுரை*

பல பேர் உண்டு. ஒருவரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

அவருடைய தாத்தாவிலிருந்து தொடங்க வேண்டும். தாத்தா ரீஸ் அப் டியூடர், டெஹைபார்த் என்ற தென்மேற்கு வேல்ஸ் அரசின் மன்னர். இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் அரசன் முதலாம் வில்லியம் 1086-இல் எடுத்த பெரிய நிலக் கணக்கில், வேல்ஸைச் சேர்ந்த 'ரிசெட்' 40 பவுண்டு கட்ட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அது இவரைத்தான் குறிக்கிறது என்பார்கள். 1093-இல் ப்ரெகன் பக்கத்தில் நார்மன்கள் கையில் இறந்தார்.

பேரன் ரீஸ் அப் கிரிஃபித் பிறந்தது 1132 வாக்கில். அவருக்கு நான்கு வயது இருக்கும்போது அம்மா க்வென்லியன் படை திரட்டிக்கொண்டு கிட்வெலிக்குப் போனார். கணவர் வடக்கே உதவி கேட்கப் போயிருந்த நேரம் அது. தோற்றார், கொல்லப்பட்டார். அந்த இடத்துக்கு இன்றைக்கும் க்வென்லியன் வயல் என்றுதான் பெயர். கார்மார்தனிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ஈரமான புல்லும் ஆடுகளும்தான் இருந்தன. நான்கு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போருக்குப் போன அந்தத் தாயை நினைத்து வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

அண்ணன்கள் ஒவ்வொருவராகப் போய்விட, 1155-இல் ரீஸ் தனியாக ஆட்சிக்கு வந்தார். இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றியோடு மாறி மாறிச் சண்டை. 1165-இல் கார்டிகன் கோட்டையைப் பிடித்தார். 1171-இல் அதைக் கல்லால் எடுத்துக் கட்டினார். அதற்குள் ஹென்றிக்கும் அவருக்கும் சமாதானம் ஆகி, தென் வேல்ஸுக்கு ஹென்றியின் நீதி அதிகாரியாகவே அவர் நியமிக்கப்பட்டார். மக்கள் அவரை 'ஆர்க்லுவித் ரீஸ்' என்றார்கள். பிரபு ரீஸ் என்று பொருள்.

அந்தக் கோட்டையில் 1176 கிறிஸ்துமஸ் சமயத்தில் நடந்ததுதான் அவர் பெயரை இன்றுவரை வைத்திருக்கிறது. வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து எல்லாம் ஒரு வருஷம் முன்னதாகவே சொல்லி அனுப்பி, கவிஞர்களுக்கும் இசைக்காரர்களுக்கும் போட்டி வைத்தார். பரிசு இரண்டு நாற்காலிகள், கவிதைக்கு ஒன்று, இசைக்கு ஒன்று. இசை நாற்காலி ரீஸின் அரண்மனையைச் சேர்ந்த இளைஞனுக்குப் போனது. கவிதை நாற்காலியை வடக்கே க்வினெத் நாட்டுக் கவிஞர் தட்டிக்கொண்டு போனார். தன் சபையில், தன் செலவில் நடந்த போட்டியில் வெளியூர்க் கவிஞனுக்கு முதலிடம் கிடைக்கவிட்ட அந்த மனசுக்காகவே எனக்கு ரீஸைப் பிடிக்கும்.

இன்று வேல்ஸில் வருஷந்தோறும் நடக்கிற ஐஸ்டெத்வோட் என்ற தேசியக் கலைவிழாவுக்கு இதைத்தான் முதல் வித்து என்கிறார்கள். 800-ஆவது ஆண்டு என்பதால் 1976 விழாவைக் கார்டிகனிலேயே நடத்தினார்கள். மோனை, எதுகை மாதிரி கறாரான ஒலிக் கட்டுப்பாடு கொண்ட மரபுக் கவிதைக்கு இன்றும் பரிசு நாற்காலிதான். ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் செய்த மர நாற்காலி. ஜெயித்தவர் வீட்டுக்கே எடுத்துப் போகலாம்.

கடைசிக் காலம் நன்றாக இல்லை. மகன்களே அவருக்கு எதிராகக் கிளம்பினார்கள். செயின்ட் டேவிட்ஸ் பிஷப்போடு தகராறு ஏற்பட்டு, திருச்சபையை விட்டு விலக்கப்பட்டார். 1197 ஏப்ரல் 28-இல் இறந்தபோதும் விலக்கு நீங்கவில்லை. பிணத்தைச் சாட்டையால் அடித்துத் தண்டனை நிறைவேற்றிய பிறகுதான் செயின்ட் டேவிட்ஸ் தேவாலயத்தில் புதைக்க விட்டார்கள். அங்கே அவருடையது என்று சொல்லப்படும் கல் உருவம் ஒன்று படுத்த நிலையில் இருக்கிறது. மூக்கு தேய்ந்துவிட்டது.

இன்னொரு ரீஸையும் விட முடியாது. அவர் கல்லறை நான் வேலை பார்த்த ஊரிலேயே, செயின்ட் பீட்டர் தேவாலயத்துக்குள் இருக்கிறது. அவர் ரீஸ் அப் தாமஸ். 1485-இல் மூன்றாம் ரிச்சர்டுக்கு எதிராக ஹென்றி டியூடர் வேல்ஸ் கரையில் இறங்கினார். "என் வயிற்றை மிதித்துக்கொண்டுதான் அவன் உள்ளே போக முடியும்" என்று ரீஸ் ஏற்கெனவே ரிச்சர்டுக்குச் சத்தியம் செய்திருந்தாராம். மனசு ஹென்றி பக்கம் போய்விட்டது, வாக்கையும் மீறக் கூடாது. அதனால் முல்லக் பாலத்தின் அடியில் போய் நின்றுகொண்டாராம், ஹென்றி மேலே நடந்து போனாராம். இது ஊர்க்கதை. அந்த ஆகஸ்ட் 22-இல் பாஸ்வொர்த் போரில் ஹென்றிக்காகச் சண்டை போட்டது கதையில்லை, வரலாறு. மூன்றே நாளில் சர் பட்டம் வந்தது.

'அப்' என்று நடுவில் வருகிறதே, அது என்ன? ப்ரைஸ் என்ற குடும்பப் பெயருக்கும் ரீஸுக்கும் தொடர்பு உண்டு என்று படித்தேன். நிஜமா?
*வழக்கறிஞர், திருநெல்வேலி*

நிஜம்தான். 'அப்' என்றால் மகன். ரீஸ் அப் தாமஸ் என்றால் தாமஸின் மகன் ரீஸ். மகளாக இருந்தால் 'வெர்ஹ்'. அப்பா பெயர்தான் அடையாளம், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். நம் இனிஷியல் மாதிரியேதான்.

1536-க்குப் பிறகு இங்கிலாந்து சட்டமும் ஆங்கிலப் பதிவேடும் வந்தன. நிலையான குடும்பப் பெயர் கேட்டார்கள். முதலில் பெரிய குடும்பங்கள் மாறின, சாதாரண ஜனங்கள் மாற இன்னும் இரண்டு மூன்று நூற்றாண்டு ஆயிற்று. அப்போது 'அப்'பில் இருந்த ப் அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப் ஹவல் பவல் ஆனது, அப் ஹியூ பியூ ஆனது, அப் ஹாரி பாரி ஆனது. அப் ரீஸ் ப்ரீஸ் என்றும் ப்ரைஸ் என்றும் ஆனது. ப் வந்து ஒட்டியதும் ர-வின் மூச்சு போய்விட்டது. இன்று தன் பெயருக்குள் ஒரு ரீஸ் இருப்பது தெரியாமலே எத்தனையோ ப்ரைஸ்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அது எனக்கு வருத்தம்தான்.

நீங்கள் வழக்கறிஞர் என்பதால் ஒரு ப்ரைஸைச் சொல்கிறேன். லான்ட்ரிசன்ட் ஊர் டாக்டர் வில்லியம் ப்ரைஸ், 1800-இல் பிறந்தவர். நரித்தோல் தொப்பி வைத்துக்கொண்டு, ட்ரூயிட் என்ற பழங்காலப் பூசாரிகளின் வழிபாட்டைப் பின்பற்றியவர். 1884 ஜனவரியில் அவருடைய ஐந்து மாதக் குழந்தை இறந்துபோனது. குன்றின் மேல் வைத்து எரிக்கத் தொடங்கினார். ஊர் திரண்டு வந்தது, போலீஸ் பிடித்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிணத்தை எரிப்பது அப்போது வழக்கத்தில் இல்லாத காரியம். கார்டிஃபில் வழக்கு நடந்தது, அவரே வாதாடினார். பிறருக்குத் தொல்லை இல்லாமல் எரித்தால் அது குற்றமே இல்லை என்று நீதிபதி சொன்னார். அந்தத் தீர்ப்பு போட்ட வழியில்தான் 1902-இல் தகனச் சட்டம் வந்தது. நீதிபதி யார் தெரியுமா? ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். 1872 இந்தியச் சாட்சியச் சட்டத்தை எழுதினாரே, அவரேதான்.

எங்கள் நாட்டில் ரைஸ் டேவிட்ஸ் என்று பாலி அறிஞர் ஒருவர் இருந்தார். அவரும் இந்தப் பெயர்தானா?
*ஆசிரியர், யாழ்ப்பாணம்*

அதே பெயர்தான், ரீஸ் டேவிட்ஸ். இங்கிலாந்தில் எசெக்ஸில் 1843-இல் பிறந்தவர். அப்பா வெல்ஷ் வழிப் பாதிரியார். 1860களில் இலங்கை சிவில் சர்வீஸில் சேர்ந்தார். காலியில் நீதிபதியாக இருந்தபோது, விகாரை வழக்கு ஒன்றில் பாலி மொழி ஆவணம் வந்ததாம். அதை வாசிக்க நீதிமன்றத்தில் ஒருவருக்கும் தெரியவில்லையாம். அங்கேதான் அவருக்கு அந்த மொழி மேல் ஆசை வந்தது என்பார்கள். ஒரு பிக்குவிடம் உட்கார்ந்து படித்தார். அனுராதபுரம் பகுதியில் அதிகாரியாக இருந்துவிட்டு, மேலிடத்தோடு தகராறாகி வேலை பறிபோய் ஊர் திரும்பினார். 1881-இல் லண்டனில் பாலி நூல் சங்கத்தைத் தொடங்கினார். பாலித் திரிபிடக நூல்கள் ரோமன் எழுத்தில் உலகத்துக்குக் கிடைத்தது அந்தச் சங்கத்தால். பெயரின் பொருளுக்குப் பொருத்தமாக வாழ்ந்தவர் என்றால் நான் இவரைத்தான் முதலில் சொல்வேன்.

சினிமாவில் ரீஸ் என்ற பெயரில் யார் யார்? பெண்களுக்கும் வைக்கிறார்களா?
*கல்லூரி மாணவி, சென்னை*

'நாட்டிங் ஹில்' படத்தில் கூட வசிக்கிற நண்பராக வருவாரே, அவர் ரீஸ் இஃபான்ஸ். வேல்ஸில் பிறந்தவர். கார்டிஃபில் பிறந்த மேத்யூ ரீஸ் 2018-இல் எம்மி விருது வாங்கினார். ரக்பியில் ரீஸ் ப்ரீஸ்ட்லாண்ட், ரீஸ் வெப்.

வேல்ஸில் இது ஆண் பெயர்தான். அமெரிக்காவில் வேறு எழுத்தில் பெண்களும் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்த பெண் ரீஸ் நடிகை இல்லை, நாவலாசிரியர் ஜீன் ரீஸ். கரீபியனில் டொமினிகா தீவில் 1890-இல் பிறந்தவர். அப்பா வேல்ஸிலிருந்து போன டாக்டர், ரீஸ் வில்லியம்ஸ். அதிலிருந்த ரீஸைப் பழைய வெல்ஷ் எழுத்துமுறையில் புனைபெயராக்கிக்கொண்டார்.

திரும்பவும் தொந்தரவு செய்கிறேன். பேரனின் முதல் பிறந்தநாளுக்கு இங்கே தமிழில் அழைப்பிதழ் அடிக்கிறோம். ரீஸ், ரிஸ், இரீஸ், எது சரி?
*அதே பாட்டி, கும்பகோணம்*

தொந்தரவே இல்லை அம்மா. இலக்கணப்படி இரீஸ் சரி, ஆனால் படிக்கிறவர்கள் குழம்புவார்கள். ரிஸ் என்று குறுக்க வேண்டாம், சொல்லும்போது நெடில்தான். ரீஸ் என்றே போடுங்கள். Rhys என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து அச்சகத்தில் ரைஸ் என்று அடித்துவிடுவார்கள், அதனால் ப்ரூஃபை நீங்களே வாங்கிப் பாருங்கள். குழந்தைக்கு அப்பா பெயரையும் சேர்ப்பதாக இருந்தால், இனிஷியலுக்குப் பதிலாக 'ரீஸ் அப்' என்று எழுதி அப்பா பெயரைப் போடுங்கள். மருமகன் வீட்டில் எல்லோருக்கும் மனசு குளிரும். வேல்ஸில் இப்போது சில குடும்பங்கள் அந்தப் பழைய வழக்கத்துக்கே திரும்பியிருக்கின்றன.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், இன்று ராத்திரி வீடியோ காலில் ஒரு காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆடியதா என்று எழுதுங்கள்.