பழைய பாய்மரப் படகு வாங்கினால் லாபமா, தொல்லையா?

உள்ளேயே தங்கிப் பயணம் போகிற மாதிரி, 1970களில் கட்டிய பாய்மரப் படகு ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுவீடனின் மேற்குக் கரையில் நான் ஆல்பின் வேகா என்ற மாடல் படகு ஒன்று வைத்திருக்கிறேன். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் எந்த மாடல் என்று பாருங்கள். வேகா 1965 முதல் 1979 வரை ஏறக்குறைய 3,450 படகுகள் கட்டப்பட்டன. அதனால் எது எங்கே கெடும் என்பது ஊருக்கே தெரியும். இதில் பாய்மரம் டெக்கின் (மேல்தளத்தின்) மேல்தான் நிற்கிறது. அதைக் கீழிருந்து தாங்கும் உத்தரம் நாளடைவில் அமுங்கும். விவரம் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் கூரை தொய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். பத்துப் பதினைந்து படகுகளோடு நின்றுபோன மாடலில் இந்தச் சௌகரியம் கிடையாது. என்னைக் கேட்டால், மலிவு விலையைவிட இதுதான் பெரிய லாபம்.

படகின் உடல் உறுதியைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். வெறும் 8.25 மீட்டர் நீளமுள்ள வேகாவில்தான் மேட் ரதர்ஃபோர்ட் என்ற அமெரிக்க மாலுமி 2011-12இல் இரண்டு அமெரிக்கக் கண்டங்களையும் தனியாளாக, எங்கும் கரையிறங்காமல் சுற்றி வந்தார். (நாம் அதையெல்லாம் முயல வேண்டியதில்லை.) அடிப்பகுதி ஃபைபர்கிளாஸில் சின்னக் கொப்புளங்கள் இருந்தால் பேரம் பேசத்தான் உதவும்; அதற்காகப் படகு மூழ்கிவிடாது.

பணம் கரைவது இன்ஜினில். பழைய வோல்வோ பென்டா டீசல், கடல் நீரையே உள்ளே இழுத்துக் குளிரும் வகை. உப்பு உள்ளிருந்தே அரித்துவிடும். புது இன்ஜினும் அதைப் பொருத்தும் கூலியும் சேர்ந்தால் படகின் விலையையே தாண்டலாம். அப்புறம், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டீல் கம்பிகள். பார்க்கப் பளபளவென்று இருக்கும், முனையில் இழை அறுந்திருக்கும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. படகு நிறுத்தும் வாடகை, குளிர்காலத்துக்குக் கரையேற்றும் கிரேன் கூலி எதிலும் வயதுக்குச் சலுகை இல்லை.

சின்னத் தொல்லைகளும் உண்டு. உயரமானவர்கள் கேபினுக்குள் குனிந்தே நடமாட வேண்டும். கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு போன்ற பகுதி) நீளம் என்பதால் ரிவர்ஸில் சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்காது. நம் படகு மோதாமல் தள்ளிவிட, பக்கத்துப் படகுக்காரர் கையில் கம்போடு எழுந்து நிற்பார்.

நீங்கள் பார்த்திருக்கும் படகில் இன்ஜின் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். மாற்றவே இல்லையென்றால், கொஞ்சம் கூடுதல் விலை சொன்னாலும் மாற்றிய படகையே தேடி வாங்குங்கள்.